சுத்தியல் தொடாத கை

ஜன்னல்காரருக்கு ஓரிடத்தில் உட்கார்ந்து பழக்கமில்லை. சாப்பிடும்போதுகூட ஒரு காலை ஆட்டிக்கொண்டே இருப்பார். "பூமி சுத்துறது பத்தாதா, நீங்க வேற எதுக்கு ஆட்டுறீங்க?" என்று அவர் மனைவி கேட்டுக் கேட்டு அலுத்து, கேட்பதையே விட்டுவிட்டார்.

அலுமினிய ஜன்னல்களுக்குக் கண்ணாடி மாட்டுவது அவர் தொழில். கண்ணாடிக்காரர் என்று கூப்பிட்டால் மூக்குக் கண்ணாடி போட்டவர் என்று நினைத்துவிடுவார்களாம். அதனால் ஜன்னல்காரர் என்றே பெயர் நிலைத்துவிட்டது. வயது நாற்பத்தாறு. அதில் இருபத்தாறு வருஷம் சாரத்தில் நின்றே கழிந்தது.

அந்தத் தொழிலில் ஒரு சங்கதி உண்டு. கண்ணாடியைச் சட்டத்தில் நிறுத்திய பிறகு, ஆடாமல் இருக்க, சுற்றிலும் கறுப்பு ரப்பர் பட்டையை இடுக்கில் இறக்க வேண்டும். பீடிங் என்பார்கள். அது லேசில் இறங்காது, முரண்டு பிடிக்கும். மற்றவர்கள் ரப்பர் சுத்தியலால் தட்டி இறக்குவார்கள். ஜன்னல்காரர் கையால் இறக்குவார். சுண்டுவிரலுக்கு நேர் கீழே, மணிக்கட்டை ஒட்டி, உள்ளங்கையில் ஒரு மேடு இருக்கிறதே, அதனால் டொக், டொக், டொக் என்று நாலு பக்கமும் குத்திக்கொண்டே போவார். பட்டை வாயை மூடிக்கொண்டு உள்ளே போய் உட்காரும்.

இதற்கு ஒரு காரணம் இருந்தது. வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம் சுத்தியலை ஓங்கி ஓர் ஆளுயரக் கண்ணாடியைச் சில்லுச் சில்லாக்கிவிட்டார். கட்டடத்தில் இருந்த அத்தனை பேர் முன்னாலும் வாங்கிக் கட்டிக்கொண்டார். அன்றைக்குச் சுத்தியலுக்குப் போட்ட கும்பிடுதான். அதற்குப் பிறகு ஒரு கண்ணாடிகூட அவர் கையில் உடைந்ததில்லை. "சுத்தியலுக்கு என்னய்யா தெரியும்? கைக்குத்தான் கண்ணாடி எப்ப வலிக்குதுன்னு தெரியும்" என்பார். கம்பெனி கொடுத்த சுத்தியல் பைக்குள்ளேயே கிடந்து தூசி தின்றது. மனுஷனுக்குக் கர்வம் என்று ஒன்று இருந்தால் அது இந்த விஷயத்தில்தான்.

அப்படிப்பட்டவருக்கு ஒரு சாயங்காலம் வீட்டுச் சாவி திரும்பவில்லை. பூட்டைத் திட்டினார். எண்ணெய் விட்டார். பூட்டுச் செய்தவனின் பரம்பரையை இழுத்தார். உள்ளே இருந்து மனைவி வந்து, ஒரே திருப்பில் திறந்து காட்டிவிட்டுப் போனார். அப்போதுதான் விளக்கு வெளிச்சத்தில் கையைப் பார்த்தார். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே புறங்கையில் புடைத்திருக்க வேண்டிய சதை இல்லை. டொக்கு விழுந்த கன்னம் மாதிரி பள்ளமாக இருந்தது. இடது கையில் சதை கொழுகொழுவென்று இருந்தது. வலது கையில் விரல் எலும்புகளுக்கு நடுவிலும் வாய்க்கால் வெட்டினாற்போல் கோடு கோடாகக் குழி.

தெருமுனை டாக்டர் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மரத்துப் போகுதா?"

"இல்லவே இல்ல டாக்டர்."

"எரிச்சல், வலி?"

"ஒரு துளி இல்ல."

"கழுத்து வலி?"

"அதுவும் இல்ல."

எல்லாக் கேள்விக்கும் சரியான விடை சொல்லிவிட்ட தோரணையில் ஜன்னல்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஆனால் ஒவ்வொரு 'இல்ல'வுக்கும் டாக்டரின் முகம் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கிக்கொண்டே வந்தது.

"வலி இல்ல, மரப்பு இல்ல, சதை மட்டும் கரையுது. அதான் யோசிக்க வேண்டியிருக்கு. கையில எங்கயாவது நரம்பு நசுங்கியிருக்கலாம். அப்படின்னா கையோட போச்சு. இல்லேன்னா, சதைய ஆட்டி வைக்கிற நரம்பு, வேர்லயே கொஞ்சம் கொஞ்சமா சாகுற வியாதியாவும் இருக்கலாம். அது கையோட நிக்காது. கரன்ட் வச்சு நரம்பையும் ஊசி போட்டு சதையையும் சோதிச்சாத்தான் ரெண்டுல எதுன்னு தெரியும்."

பெரிய ஆஸ்பத்திரியில் பரிசோதனைக்கு ஒன்பது நாள் கழித்துத் தேதி கொடுத்தார்கள். இந்த மனுஷனுக்கு ஒன்பது நிமிஷமே அதிகம்.

மனைவியிடம் "சும்மா நரம்பு வீக்காம், ஒரு டெஸ்டு" என்று சொல்லி வைத்தார். ஆனால் யாரிடமாவது கொட்டாவிட்டால் தலை வெடித்துவிடும் போலிருந்தது. போயும் போயும் மச்சானிடம் போய்ச் சொன்னார். மச்சான் என்றால் மனைவியின் தம்பி. செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறான். உலகத்தில் உள்ளதெல்லாம் போனுக்குள் இருக்கிறது, போன் தன் கைக்குள் இருக்கிறது என்று நினைக்கிற ஆள். அக்காவிடம் மூச்சு விடக்கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டு விஷயத்தைச் சொன்னார்.

மச்சான் உடனே போனைத் தடவினான். "முதல்ல கையாம் மாமா. அப்புறம் கால். அப்புறம் நாக்கு துடிக்குமாம். பேச்சு குழறும். கடைசில மூச்சு." கொஞ்ச நேரம் படித்தான். "ரெண்டு மூணு வருஷம்னு போட்டிருக்கு." மாமாவின் முகத்தைப் பார்த்தபிறகுதான், "எல்லாருக்கும் அப்படி இல்லையாம்" என்று ஒட்டுப் போட்டான். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதைதான்.

அன்று பிடித்தது சனி. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். இமை துடித்தால் பயம், கெண்டைக்கால் பிடித்தால் பயம், எச்சில் புரையேறினால் அதைவிடப் பயம். பேருந்தில் கம்பியைப் பிடித்திருந்த கைகளையெல்லாம் வரிசையாகப் பார்த்துக்கொண்டு போனார். எல்லோருக்கும் சதை இருந்தது. எண்பது வயதுக் கிழவருக்குக்கூட அந்த இடம் கும்மென்று இருப்பதைப் பார்த்து அவருக்கு அடிவயிற்றிலிருந்து ஆத்திரம் வந்தது.

வேலையில் இன்னொரு கூத்து. நாள் முழுக்கக் கண்ணாடி முன்னால் நிற்கிற பிழைப்பல்லவா? மாட்டுகிற ஒவ்வொரு கண்ணாடியிலும் நாக்கை நீட்டித் துடிக்கிறதா என்று பார்த்தார். மூன்றாவது மாடியில் ஒரு ஜன்னலுக்கு அந்தப் பக்கம், வீடு வாங்கப்போகும் அம்மாள் ஒருவர் அறையைச் சுற்றிப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார். இவர் கண்ணாடியில் தெரிந்த தன் முகத்தைப் பார்த்து நாக்கை நீட்டினார். அந்த அம்மாள் தன்னைப் பார்த்துத்தான் நீட்டுகிறார் என்று எடுத்துக்கொண்டார். மேஸ்திரி வந்து சமாதானம் பேச வேண்டியதாயிற்று. ஜன்னல்காரர் மன்னிப்புக் கேட்டார். கேட்கும்போதே 'ன'வும் 'ப்'பும் சரியாக வருகிறதா என்று தன் பேச்சையே உற்றுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

ஆறாவது நாள் லீவு போட்டுவிட்டு வீட்டில் இருந்தார். இருந்தார் என்றா சொன்னேன்? கூடத்துக்கும் வாசலுக்குமாக அலைந்தார். அவர் வீட்டுக் கூடத்து ஜன்னலில் ஒரு கண்ணாடி கிடையாது. எட்டு வருஷத்துக்கு முன்னால் உடைந்தது; அன்றிலிருந்து ஓர் அட்டைதான் மானம் காத்து வருகிறது. ஊருக்கெல்லாம் ஜன்னல் மாட்டுகிறவர் வீட்டில் அட்டை. மனைவி சொல்லாத நாளில்லை; இவர் "ஞாயித்துக்கெழம பாக்கலாம்" என்று சொல்லாத நாளுமில்லை. அன்றைக்கு அளவெடுத்தார், போய்க் கண்ணாடி வெட்டி வந்தார், மாட்டினார். விரலுக்கு வலுவில்லாமல் கண்ணாடி இரண்டு தடவை நழுவப் பார்த்தது. விடவில்லை. பீடிங்கை வைத்து டொக், டொக், டொக் என்று இறக்கினார். நான் இல்லாவிட்டாலும் மழைத்தண்ணீர் உள்ளே வராது என்று நினைத்துக்கொண்டார். மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார். அட்டையை எடுத்து மடித்து உள்ளே கொண்டுபோனார்.

பரிசோதனைக்கு முந்தின நாள் சாயங்காலம் மனைவி ஒரு பாத்திரத்தில் வெந்நீரும், குதிகால் தேய்க்கிற கல்லும், எண்ணெயுமாக வந்து எதிரில் உட்கார்ந்தார்.

"கையக் குடுங்க."

"எதுக்கு?"

"நாளைக்கு டாக்டருங்க கையத்தானே புடிச்சுப் பாப்பாங்க? இந்தக் கையோடவா போவீங்க? செருப்புத் தோல் மாதிரி இருக்கு."

வலது உள்ளங்கையின் அந்த மேட்டில், இருபத்தாறு வருஷக் குத்தில் காய்த்துப்போன தோல் ஒரு நாணயம் அகலத்துக்கு மஞ்சளாக, கெட்டியாக இருந்தது. மனைவி அதை ஊற வைத்து, தேய்த்து, மறுபடி ஊற வைத்து, ஒரு மணி நேரம் போராடி எடுத்தார். அடியில் இளஞ்சிவப்பாகப் புதுத்தோல் தெரிந்தது. எண்ணெய் தடவிய பிறகும் கையை விடாமல் கொஞ்ச நேரம் மடியில் வைத்துக்கொண்டிருந்தார். ஜன்னல்காரர் காலை ஆட்டிக்கொண்டு வேறு பக்கம் பார்த்தார்.

மறுநாள் மச்சானும் கூட வந்தான். படிவத்தில் 'தொழில்' என்ற இடத்தில் 'மேற்பார்வையாளர்' என்று எழுதினான்.

"நான் எங்கடா மேற்பார்வை பார்த்தேன்?"

"சும்மா இருங்க மாமா. பெரிய எடம். கைவேலைன்னு போட்டா மதிக்க மாட்டாங்க."

மனைவி வெளியே பெஞ்சில் உட்கார்ந்தார். ஜன்னல்காரரை மட்டும் உள்ளே கூப்பிட்டார்கள். சின்ன அறை. ஒரு கட்டில், திரை வைத்த ஒரு பெட்டி, அதிலிருந்து கிளம்பும் ஒயர்கள், ஒரு ஜன்னல். ஜன்னலில் ஒரு பக்கத்துப் பீடிங் பிதுங்கி வெளியே நின்றது. தெருவில் லாரி போகும்போதெல்லாம் கண்ணாடி கிடுகிடுவென்று ஆடிற்று. அவருக்குப் பல் கூசியது.

பரிசோதிக்கிற டாக்டரம்மாவுக்கு ஐம்பது வயதிருக்கும். அதிகம் பேசாதவர். கையில் ஒயர்களை ஒட்டினார், மணிக்கட்டில் ஒரு கருவியை வைத்தார். "சுளீர்னு இருக்கும், பயப்படாதீங்க." கரன்ட் பாய்ந்தது. விரல் தானாகத் துள்ளியது. திரையில் ஒரு கோடு மேடு கட்டி இறங்கிற்று. சுண்டுவிரலில் உணர்ச்சி நரம்பு: நல்ல மேடு. சுண்டுவிரல் பக்கத்துச் சதை: நல்ல மேடு. பள்ளம் விழுந்த சதைக்கு வந்ததும், எத்தனை தடவை சுண்டினாலும் கோடு சோம்பேறி மாதிரி லேசாக எழுந்து, தாமதமாகப் படுத்தது. ஜன்னல்காரருக்குத் திரை படிக்கத் தெரியாதுதான். ஆனால் மட்டம் பார்த்தே வாழ்ந்தவர், மேட்டுக்கும் பள்ளத்துக்கும் வித்தியாசம் தெரியாதா?

அடுத்தது ஊசி. மெல்லிய ஊசியைப் பள்ளத்துச் சதையில் இறக்கினார். "கைய ஆட்டாம தளர்த்தி விடுங்க." பெட்டியிலிருந்து தகரத்தில் தூறல் விழுகிற மாதிரி படபடவென்று சத்தம் வந்தது. பிறகு முன்கையில் இறக்கினார். சத்தமே இல்லை. தோளில் இல்லை. இடது கையில் இல்லை. காலில், முதுகில், எங்கும் இல்லை. கடைசியில் நாக்கு. அங்கும் நிசப்தம்.

சும்மா இருக்கிற நல்ல சதை சத்தம் போடாது என்பது அவருக்கு எப்படித் தெரியும்? கையிலாவது தூறல் விழுந்தது, மற்றதெல்லாம் செத்தே போய்விட்டது போலிருக்கிறது என்று அவர் நினைத்தார்.

"உள்ளங்கைய அழுத்துற மாதிரி வேல ஏதாவது பார்ப்பீங்களா? சைக்கிள், சுத்தியல், உளி?"

படிவத்தில் மச்சான் எழுதியது நினைவுக்கு வந்தது. இப்போது மாற்றிச் சொன்னால் பொய்க்காரன் ஆகிவிடுவோம்.

"இல்ல டாக்டரம்மா. சுத்தியல் தொட்டே இருபத்தாறு வருஷம் ஆச்சு." அதில் ஒரு எழுத்துகூடப் பொய்யில்லை.

டாக்டரம்மா உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். மழுமழுவென்று எண்ணெய் மினுங்கியது. பெருமூச்சு விட்டார். "மத்த இடமெல்லாம் இப்போதைக்குச் சுத்தமா இருக்கு. கையில நரம்பு நசுங்கின மாதிரிதான் தோணுது, ஆனா நசுங்கக் காரணம் ஒண்ணும் தெரியல. அந்தப் பெரிய வியாதியும் சில பேருக்கு இப்படி ஒரே கையில தொடங்கும். அதனால இல்லவே இல்லன்னு என்னால எழுத முடியாது. மூணு மாசம் கழிச்சு வாங்க, மறுபடி பாப்போம்."

மூன்று மாசம்! ஒன்பது நாளுக்கே ஊரெல்லாம் நாக்கை நீட்டியவர். அதற்குள் டாக்டரம்மாவை யாரோ கூப்பிட, "அப்படியே இருங்க, வந்து ஒயரக் கழட்டுறேன்" என்று சொல்லிவிட்டு வெளியே போனார்.

அப்படியே இருப்பதாவது? கட்டிலில் உட்கார்ந்தார். எழுந்தார். மூன்று மாசம், தொண்ணூறு நாள் என்று மனசு அடித்துக்கொண்டது. தெருவில் லாரி போயிற்று. ஜன்னல் கிடுகிடுத்தது. இன்னொரு லாரி. பாழாய்ப்போன ஜன்னல்! எவன் மாட்டினான் இதை? ஒயர்கள் தொங்கத் தொங்க இரண்டே எட்டில் போய், பிதுங்கிய பட்டையை விரலால் நிமிர்த்தி வைத்து, உள்ளங்கை மேட்டால் கொடுத்தார். டொக். டொக். டொக். டொக். பட்டை உள்ளே போய் உட்கார்ந்தது. கண்ணாடி வாயை மூடிக்கொண்டது.

திரும்பினால் வாசலில் டாக்டரம்மா.

"இப்ப என்ன பண்ணீங்க?"

"மன்னிச்சுக்குங்க டாக்டரம்மா. பீடிங் வெளிய வந்திருந்துச்சு, அதான்..."

"அது கெடக்கு. கையால என்ன பண்ணீங்க? மறுபடி குத்தாதீங்க, சும்மா காட்டுங்க போதும்."

காட்டினார்.

"ஒரு நாளைக்கு எத்தன தடவ இப்படி?"

இனி மறைத்து என்ன? முழுப் பூசணிக்காய் வெளியே வந்துவிட்டது. "ஒரு ஜன்னலுக்கு நாப்பது, அம்பது. ஒரு நாளைக்குப் பத்து ஜன்னல் மாட்டுவேன். மேற்பார்வை எல்லாம் மச்சான் எழுதினது."

"ஐநூறு குத்து! இருபத்தாறு வருஷமா! சுத்தியலத் தொடுறதே இல்லன்னீங்களே?"

"தொடுறதில்லம்மா. சத்தியமா."

"நீங்களேதான் சுத்தியலா இருந்திருக்கீங்க." டாக்டரம்மா கையைப் பிடித்து வெளிச்சத்தில் காட்டினார். எண்ணெயைத் துடைத்தார். சிவந்த வட்டம் தெரிந்தது. "இங்க காய்ப்பு இருந்துச்சா?"

"நேத்து என் வீட்டுக்காரி தேய்ச்சு எடுத்துட்டா. உங்ககிட்டக் காட்டக் கூச்சமா இருந்துச்சுன்னு..."

டாக்டரம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "காட்ட வேண்டியதே அதுதான்யா!"

மறுபடி ஒயர்களைச் சரிசெய்து உட்கார வைத்தார். இந்தத் தடவை அந்தச் சிவப்பு வட்டத்துக்கு முன்னால், மணிக்கட்டில் ஒரு முறை, அதைத் தாண்டி உள்ளங்கைக்குள் ஒரு முறை என்று கரன்டைச் சுண்டினார். முன்னால் சுண்டினால் கோடு பழையபடி லேசாக எழுந்து படுத்தது. தாண்டிச் சுண்டியபோது முழுசாக நிமிராவிட்டாலும் தலை தூக்கிப் பார்த்தது.

"பாத்தீங்களா? நசுங்கினது இங்கதான். சதைய ஆட்டுற நரம்பு இந்த மேட்டுக்கடியில எலும்ப ஒட்டிப் போகுது. தொட்டா தெரியுற நரம்பு இதுக்கு முன்னாடியே பிரிஞ்சு போயிடும். அதான் உங்களுக்கு மரத்தும் போகல, வலிக்கவும் இல்ல. உள்ள கட்டி கிட்டி இருக்கான்னு ஒரு ஸ்கேன் பாத்துரலாம். இனிமே இந்தக் கையால ஒரு குத்துகூடக் கூடாது."

"அப்ப அந்த வியாதி?"

"அது இல்ல. கைதான். கொஞ்சம் கொஞ்சமா தேறும். பள்ளம் முழுசா நெரம்பும்னு சொல்ல மாட்டேன்."

ஜன்னல்காரர் தலையை ஆட்டினார். கண்ணாடியின் வலி தெரியும் என்று பீற்றிக்கொண்ட கைக்குத் தன் வலி தெரியவில்லை. வெட்கமாக இருந்தது. அதைவிட ஆயிரம் மடங்கு சந்தோஷமாக இருந்தது. சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு வெளியே ஓடி வந்தார்.

பெஞ்சில் மனைவி மட்டும் இருந்தார். மச்சான் டீ வாங்கப் போயிருந்தான். புடவைத் தலைப்பைச் சுருட்டிக் கையில் பிடித்தபடி மனைவி கணவர் முகத்தையே பார்த்தார்.

"கைதான்" என்றார் ஜன்னல்காரர். "கை மட்டும்தான். வேற ஒண்ணும் இல்ல."

மனைவி குனிந்து தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. ஜன்னல்காரருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

"ஏய், நான்தான் நரம்பு வீக்குன்னு சொன்னேன்ல? எதுக்கு அழுவுற? உன் தம்பி உளறிட்டானா?"

"அவன் ஒண்ணும் சொல்லல."

"பின்ன உனக்கு எப்படித் தெரியும்?"

"எட்டு வருஷமா மாட்டாத ஜன்னல ஒரே நாள்ல மாட்டுனீங்களே." மூக்கை உறிஞ்சிக்கொண்டார். "அப்பவே எனக்கு உசிரு போயிருச்சு."

ஜன்னல்காரர் பக்கத்தில் உட்கார்ந்தார். மனைவி அவருடைய வலது கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். பள்ளத்தில் கட்டைவிரலால் மெதுவாகத் தடவினார்.

"அடுப்படிக் கதவும் சரியா சாத்த மாட்டேங்குது" என்றார்.

"வீட்டுக்குப் போனதும் பாக்குறேன்."

"வேணாம். இன்னும் இருபது வருஷத்துக்கு நீங்க அதத் தொடவே கூடாது."